பள்ளி நிர்வாக இதழுக்குக் கட்டுரை அனுப்புவது எப்படி? குமரி மாவட்டத் தலைமையாசிரியர்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டிலேயே எழுத்தறிவு மிகுந்த மாவட்டம் கன்னியாகுமரி: 91.75 விழுக்காடு. பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்கும் வேலையை இந்த மாவட்டம் எப்போதோ முடித்துவிட்டது. இன்று இங்குள்ள தலைமையாசிரியர் முன்னால் நிற்கும் சிக்கல்கள் வேறு. தூத்தூர் பக்கத்தில் அப்பாக்கள் வாரக்கணக்கில் ஆழ்கடலில் இருக்கிறார்கள். குலசேகரம், அருமனை பக்கத்தில் விடியுமுன்னே பெற்றோர் ரப்பர் பால்வெட்டுக்குப் போய்விடுகிறார்கள். விளவங்கோடு எல்லையில் ஒரே வளாகத்தில் தமிழ் வழியும் மலையாள வழியும் நடக்கின்றன. போதாததற்கு இரண்டு பருவமழையும் இங்கே பெய்கிறது.

இவை ஒவ்வொன்றுக்கும் ஏதோ ஒரு பள்ளியில் யாரோ ஒருவர் வழி கண்டுபிடித்திருக்கிறார். அந்த வழி பள்ளியின் கூட்டக் குறிப்பேட்டிலேயே தங்கிவிடுகிறது. அவர் ஓய்வு பெற்றதும் அதுவும் மறைந்துவிடுகிறது. அடுத்து வருபவர் முதலிலிருந்து தொடங்குகிறார். அதனால்தான் தலைமையாசிரியர்கள் எழுத வேண்டும். அனுப்பும் முறை கடினமல்ல. எங்கே தவறு நேர்கிறது என்று தெரிந்திருந்தால் போதும்.

முதலில் ஒரு முடிவைத் தேர்ந்தெடுங்கள்

பள்ளி நிர்வாகக் கட்டுரையின் மையம் ஒரு முடிவு. தலைமையாசிரியர் எதையோ மாற்றினார். அதற்கு ஒரு காரணம் இருந்தது, ஒரு விலை இருந்தது, ஒரு விளைவு இருந்தது. இந்த நான்கும் இல்லாத எழுத்து அறிக்கையாகிவிடும். ஆண்டு விழா, பாராட்டு விழா, நன்கொடையாளர் வருகை பற்றிய கட்டுரைகள் திரும்பி வருவது இதனால்தான். அவற்றில் நல்ல செய்தி இருக்கலாம். வேறு பள்ளியில் இருப்பவர் எடுத்துப் பயன்படுத்த எதுவும் இருக்காது.

எழுதத் தொடங்குமுன் ஒரு தாளில், 'நான் ___ என்பதை மாற்றினேன்' என்ற வாக்கியத்தை நிரப்பிப் பாருங்கள். 'கல்வித் தரத்தை உயர்த்தினேன்' என்று வந்தால் இன்னும் பொருள் கிடைக்கவில்லை. 'முதல் பாடவேளையில் இருந்த கணக்கை மூன்றாவது பாடவேளைக்கு மாற்றினேன்' என்று வந்தால் கிடைத்துவிட்டது.

நம் மாவட்டத்தில் பொருளுக்குப் பஞ்சமில்லை. மழை விடுமுறையும், கோட்டாறு சவேரியார் திருவிழா, மண்டைக்காடு கொடை போன்ற உள்ளூர் விடுமுறைகளும் சேர்ந்தால் பாடத்திட்டம் பின்தங்கும்; ஈடுசெய்யும் சனிக்கிழமைகளில் வருகை குறைவாக இருக்கும். அந்த நாட்களில் எதை நடத்துவது என்பது ஒரு முடிவு. மாணவர் எண்ணிக்கையை வைத்து ஆகஸ்ட் 1 நிலவரப்படி ஆசிரியர் பணியிடங்களை முடிவுசெய்யும் பணியாளர் நிர்ணயத்தில் ஒரு பணியிடம் போனால் மீதமுள்ளவர்களுக்குப் பாடவேளையைப் பிரிப்பது ஒரு முடிவு. காலை உணவு முடிந்து பிள்ளைகள் வகுப்புக்குள் வரும் நேரத்தையும் வழிபாட்டுக் கூட்டத்தையும் பொருத்துவது இன்னொரு முடிவு. இவற்றில் ஒன்றே ஒன்றை எடுங்கள். மூன்றையும் ஒரே கட்டுரையில் அடைத்தால் எதுவும் ஆழமாக வராது.

எந்த இதழுக்கு

தமிழில் எழுதுபவருக்கு முதலில் நினைவுக்கு வருவது பள்ளிக் கல்வித் துறை வெளியிடும் மாத இதழான 'கனவு ஆசிரியர்'. ஆசிரியர் சங்க இதழ்கள், உதவிபெறும் பள்ளி நிர்வாகங்கள் நடத்தும் சுற்றிதழ்கள் ஆகியவையும் உண்டு. ஆங்கிலத்தில் எழுத முடிந்தால், என்.சி.இ.ஆர்.டி. வெளியிடும் 'தி பிரைமரி டீச்சர்', 'ஜர்னல் ஆஃப் இந்தியன் எஜுகேஷன்' இரண்டையும் பாருங்கள். புது தில்லியில் உள்ள தேசியக் கல்வித் திட்டமிடல் மற்றும் நிர்வாக நிறுவனத்தின் (நீபா) 'ஜர்னல் ஆஃப் எஜுகேஷனல் பிளானிங் அண்ட் அட்மினிஸ்ட்ரேஷன்' கல்வி நிர்வாகத்துக்கென்றே உள்ளது. ஆனால் அது ஆய்விதழ். அனுபவக் கட்டுரையை அப்படியே அங்கு அனுப்பினால் ஏற்க மாட்டார்கள்.

இதழைத் தேர்ந்த பிறகு அதன் கடைசி ஆறு இதழ்களையாவது கையில் எடுத்து, பென்சிலோடு உட்காருங்கள். கட்டுரை எத்தனை சொற்கள், எழுதுபவர்கள் வகுப்பாசிரியர்களா நிர்வாகிகளா, அட்டவணை போடுகிறார்களா, மாதத்துக்கு ஒரு மையப்பொருள் வைக்கிறார்களா என்று குறித்துக்கொள்ளுங்கள். தேரூரில் உள்ள மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனத்துக்குப் போகும்போது பழைய இதழ்கள் இருக்கின்றனவா என்று கேளுங்கள். உங்கள் பொருளில் ஏற்கெனவே கட்டுரை வந்திருந்தால் கைவிட வேண்டாம். அது சொல்லாமல் விட்டது எது என்று பார்த்து அங்கிருந்து தொடங்குங்கள்.

பருவம் சார்ந்த பொருளுக்குக் காலக்கணக்கு முக்கியம். அச்சிதழ்கள் பெரும்பாலும் இரண்டு மூன்று மாதம் முன்னதாகவே திட்டமிட்டுவிடும். மழைக்கால வருகை பற்றிய கட்டுரை அக்டோபரில் வர வேண்டுமானால் ஜூலை தொடக்கத்தில் ஆசிரியர் குழுவிடம் இருக்க வேண்டும். அக்டோபரில் மழை பெய்யும்போது எழுத உட்கார்ந்தால் அடுத்த ஆண்டுக்குத்தான் உதவும்.

ஓர் எச்சரிக்கை. 'மூன்று நாளில் பிரசுரம், கட்டணம் இவ்வளவு' என்று கைபேசிக்கு வரும் அழைப்புகளை நம்ப வேண்டாம். ஐ.எஸ்.எஸ்.என். என்பது தொடர் வெளியீட்டை அடையாளம் காட்டும் எட்டு இலக்க எண். தரச் சான்று அல்ல. பல்கலைக்கழக மானியக் குழு ஏற்ற ஆய்விதழ்களின் பட்டியலான யுஜிசி-கேர் பட்டியலும் 2025-இல் கைவிடப்பட்டுவிட்டது. இன்னும் அந்தப் பெயரைச் சொல்லிப் பணம் கேட்பவரிடம் கட்டுரையைக் கொடுக்காதீர்கள்.

அனுமதி

அரசுப் பள்ளித் தலைமையாசிரியருக்கு 1973-ஆம் ஆண்டின் தமிழ்நாடு அரசுப் பணியாளர் நடத்தை விதிகள் பொருந்தும். இலக்கியம், கலை, அறிவியல் சார்ந்த எழுத்து வேறு. அரசின் கொள்கையையோ நடவடிக்கையையோ குறைகூறும் எழுத்து வேறு. நிர்வாகக் கட்டுரை இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்பதால், முன்கூட்டியே உரிய வழியாக எழுத்தில் அனுமதி கேட்பது பாதுகாப்பானது. விண்ணப்பத்துடன் கட்டுரையின் முழு நகலையும் இணைத்துவிடுங்கள். தலைப்பை மட்டும் எழுதி அனுப்பினால் 'விவரம் தருக' என்று திரும்பி வந்து ஒரு மாதம் போய்விடும். உதவிபெறும் பள்ளியில் தாளாளருக்கும், பல பள்ளிகளை நடத்தும் கூட்டு நிர்வாகம் என்றால் அதன் மேலாளருக்கும் தெரிவிக்க வேண்டும்.

துறைக்குள் மட்டும் சுற்றும் கடிதங்களையும், மாணவர், ஆசிரியர் விவரங்கள் பதிவாகும் துறையின் எமிஸ் தளத்திலிருந்து எடுத்த தனிநபர் விவரங்களையும் கட்டுரையில் சேர்க்கக் கூடாது.

எண்களைச் சேர்ப்பது

எழுதுமுன் செய்ய வேண்டிய வேலை இது. பெரும்பாலான கட்டுரைகள் சரிவதும் இங்கேதான். வருகைப் பதிவேடு, பெற்றோர் கூட்டக் கையொப்பப் பக்கம், பள்ளி மேலாண்மைக் குழுத் தீர்மானப் புத்தகம் மூன்றையும் மேசையில் வையுங்கள்.

வருகை விழுக்காட்டைக் கண்ணால் மதிப்பிடாதீர்கள். சேர்க்கை எண்ணிக்கையை வேலை நாட்களால் பெருக்குங்கள். மொத்த வருகையை அதனால் வகுத்து நூறால் பெருக்குங்கள். 120 பிள்ளைகள், 22 வேலை நாள் என்றால் 2,640. மொத்த வருகை 2,310 என்றால் 87.5 விழுக்காடு. மழை விடுமுறையில் பள்ளி நடக்கவில்லை. அந்த நாட்களை வேலை நாளில் சேர்த்துவிட்டால் விழுக்காடு பொய்யாகக் குறையும்.

ஜூன் மாதத்தை நவம்பரோடு ஒப்பிடக் கூடாது. சென்ற நவம்பரை இந்த நவம்பரோடு ஒப்பிட வேண்டும். சிறிய வகுப்பில் விழுக்காடு ஏமாற்றும். எட்டுப் பேர் பத்துப் பேரானால் 25 விழுக்காடு வளர்ச்சி என்று எழுதலாம். ஆனால் வந்தது இரண்டே பிள்ளைகள். முப்பதுக்குக் குறைவான எண்ணிக்கைக்கு '24 பேரில் 19 பேர்' என்றே எழுதுங்கள்.

அடுத்தது, உங்கள் மாற்றத்தோடு வேறு என்னென்ன மாறின என்பது. முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2023 ஆகஸ்ட் 25 அன்று மாநிலம் முழுவதும் அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு விரிவானது. ஊரகப் பகுதி உதவிபெறும் தொடக்கப் பள்ளிகளுக்கு 2024 ஜூலை 15 அன்று வந்தது. திட்டம் உங்கள் பள்ளிக்கு வந்த ஆண்டில் வருகை கூடியிருந்தால், நீங்கள் பாடவேளையை மாற்றியதால்தான் கூடியது என்று சொல்ல முடியாது. இதை நீங்களே எழுதிவிடுங்கள். எழுதாவிட்டால் இதழாசிரியர் கேட்பார். அவர் கேட்காவிட்டால் படிக்கும் தலைமையாசிரியர் கேட்பார். அதன்பின் கட்டுரையின் மற்ற வரிகளையும் அவர் நம்ப மாட்டார்.

முன்மொழிவுக் கடிதம்

முழுக் கட்டுரையையும் எழுதிவிட்டு அனுப்புவதைவிட, 150 சொற்களில் ஒரு கடிதம் எழுதிக் கேட்பது இரு பக்கமும் நேரத்தை மிச்சப்படுத்தும். அதன் வடிவம் இப்படி இருக்கலாம்:

'மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம். கன்னியாகுமரி மாவட்ட மேற்குக் கடற்கரையில் உள்ள ஓர் உதவிபெறும் நடுநிலைப் பள்ளியின் தலைமையாசிரியர் நான். ஆழ்கடல் மீன்பிடிக்குப் போகும் தந்தையரைப் பெற்றோர் கூட்டத்துக்கு வரவைக்க, கூட்ட நாட்காட்டியை மீன்பிடித் தடைக்காலத்தோடு பொருத்தினோம். இரண்டு ஆண்டுக் கையொப்பக் கணக்கும், சரிவராமல் போன ஒரு முயற்சியும் கட்டுரையில் இடம்பெறும். 1,500 சொற்கள், இரண்டு படங்கள். மே 15-க்குள் அனுப்ப இயலும். இது வேறு எந்த இதழுக்கும் அனுப்பப்படவில்லை.'

இதில் பதவிப் பட்டியலோ பெற்ற விருதுகளோ இல்லை. சரிவராத முயற்சியும் உண்டு என்று சொல்லியிருப்பது முக்கியம். தோல்வியை மறைக்காதவர் என்று தெரிந்தால் இதழாசிரியருக்கு நம்பிக்கை வரும்.

எழுதுவது

நாள் முழுதும் செயல்முறைகளும் கடிதங்களும் எழுதிப் பழகிய கை, கட்டுரையிலும் அதே நடையைக் கொண்டுவந்துவிடும். ஒரு பத்தியை அருகில் வைத்துப் பார்ப்போம். முதல் வரைவில் இப்படி வரும்:

'பெற்றோர் கூட்டங்களில் பெற்றோர்களின் பங்கேற்பினை அதிகரிக்கும் பொருட்டு பல்வேறு சீரிய முயற்சிகள் மேற்கொள்ளப்பட்டதன் விளைவாக நல்ல முன்னேற்றம் காணப்பட்டது.'

யார் செய்தார்கள், என்ன செய்தார்கள், எவ்வளவு முன்னேற்றம்? ஒன்றுக்கும் விடையில்லை. அதையே இப்படி எழுதிப் பாருங்கள்:

'ஆகஸ்ட் முதல் மே வரை எங்கள் கூட்டத்துக்கு அம்மாக்கள் மட்டுமே வருவார்கள். அப்பாக்கள் கடலில் இருப்பார்கள். மேற்குக் கடலில் விசைப்படகுகளுக்கு ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை தடை. அதனால் ஆண்டின் முக்கியமான கூட்டத்தை ஜூலை இரண்டாம் வாரத்துக்குக் கொண்டுவந்தேன். 62 குடும்பங்களில் 41 அப்பாக்கள் கையெழுத்துப் போட்டார்கள்.'

இரண்டாவது பத்தியில் எல்லா வாக்கியமும் சின்னது. 'மேற்கொள்ளப்பட்டது', 'காணப்பட்டது' போய், செய்தவர் யார் என்று தெரிகிறது. தேதி இருக்கிறது, எண் இருக்கிறது. உங்கள் வரைவில் 'பொருட்டு', 'சார்ந்து', 'பல்வேறு', 'சீரிய', 'சிறப்பான முறையில்' என்ற சொற்கள் வருமிடங்களை அடிக்கோடிடுங்கள். அந்த இடத்தில் நீங்கள் சொல்ல வேண்டிய ஒரு விவரம் விடுபட்டிருக்கும். அதை எழுதியதும் அந்தச் சொல் தானாகவே தேவையில்லாமல் போகும்.

1,500 சொற்களுக்கு ஒரு பங்கீடு: சிக்கலுக்கு 200, பள்ளியின் சூழலுக்கு 200, செய்த முறைக்கு 500, சரிவராமல் போனதற்கு 300, விளைவுக்கு 200, வேறு பள்ளியில் செய்பவர் எதை மாற்ற வேண்டும் என்பதற்கு 100. பலரும் சூழலுக்கு 800 சொற்களைச் செலவழித்துவிட்டுச் செய்த முறையை இரண்டு பத்தியில் முடித்துவிடுகிறார்கள். பள்ளி தொடங்கிய ஆண்டும் நிறுவியவர் வரலாறும் இந்தக் கட்டுரைக்கு வேண்டாம்.

சூழலில் வெளியூர் வாசகருக்குப் புரியாததை மட்டும் விளக்குங்கள். பால்வெட்டு ஏன் விடியுமுன் நடக்கிறது என்று தருமபுரித் தலைமையாசிரியருக்குத் தெரிந்திருக்காது. வெயில் ஏறுமுன் குளிர்ந்த நேரத்தில்தான் பால் நன்றாக வடியும் என்று ஒரு வரி போதும். அதேபோல, நம் மாவட்டத்தில் கிழக்கே சின்னமுட்டத்தில் தடை ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, மேற்கே ஜூன் முதல் ஜூலை வரை. இதைச் சொல்லாவிட்டால் கன்னியாகுமரியை ஒட்டிய கிழக்குக் கரைப் பள்ளிக்காரர் உங்கள் நாட்காட்டியை அப்படியே எடுத்துப் போட்டு ஏமாந்துபோவார். அவருடைய தடைக்காலத்தின் பெரும்பகுதி கோடை விடுமுறையில் போய்விடுகிறது.

சரிவராமல் போனதற்கு 300 சொற்கள் ஏன் என்று தோன்றலாம். படிப்பவர் அதைத்தான் தேடி வருகிறார். மாலைக் கூட்டம் வைத்துப் பார்த்தீர்கள், ஆள் வரவில்லை; ஏன் என்று யாரிடம் கேட்டீர்கள், அவர்கள் என்ன சொன்னார்கள்? அந்தப் பத்தி இன்னொரு பள்ளிக்கு ஓர் ஆண்டை மிச்சப்படுத்தும்.

பிள்ளைகளின் அடையாளம்

பெயரை மாற்றினால் போதும் என்று எண்ண வேண்டாம். ஒரே பள்ளி உள்ள கடற்கரை ஊரில், 'ஒக்கி புயலில் தந்தையை இழந்த எட்டாம் வகுப்பு மாணவி' என்று எழுதினால் அந்த ஊரில் எல்லோருக்கும் யாரென்று தெரிந்துவிடும். 2017 நவம்பர் 30-இல் வீசிய அந்தப் புயலின் துயரம் பல குடும்பங்களில் இன்னும் ஆறவில்லை. ஊர், வகுப்பு, நிகழ்வு, ஆண்டு இவற்றில் குறைந்தது இரண்டையாவது மறைத்துவிடுங்கள். அப்படியும் ஊருக்குள் ஆளைத் தெரிந்துவிடும் என்று தோன்றினால் அந்தச் செய்தியையே விட்டுவிடுங்கள்.

சில இடங்களில் இது சட்டக் கடமையும்கூட. 2015 இளைஞர் நீதிச் சட்டத்தின் 74-ஆம் பிரிவும், 2012 போக்சோ சட்டத்தின் 23-ஆம் பிரிவும் அந்தச் சட்டங்களின் கீழ் வரும் குழந்தையின் பெயர், முகவரி, பள்ளி ஆகியவற்றை வெளியிடத் தடை விதிக்கின்றன. நீங்கள் தலைமையாசிரியர் என்று கட்டுரையின் கீழே பெயர் வருவதாலேயே பள்ளி வெளிப்பட்டுவிடும். ஆகவே அப்படிப்பட்ட நிகழ்வுகளை எடுத்துக்காட்டாகக்கூடப் பயன்படுத்தாதீர்கள். முகம் தெரியும் படம் என்றால் பெற்றோரின் எழுத்துச் சம்மதம் வாங்கிக் கோப்பில் வைத்துக்கொள்ளுங்கள்.

கோப்பும் படமும்

யூனிகோடில் மட்டும் தட்டச்சு செய்யுங்கள். பள்ளி அலுவலகத்தில் வானவில், பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்த கோப்பு, அந்த எழுத்துரு இல்லாத கணினியில் ஆங்கில எழுத்துகளும் குறிகளுமாகத் தெரியும். இதழாசிரியர் திறந்த வேகத்தில் மூடிவிடுவார். மாற்றி மென்பொருளில் போட்டு எடுத்தால் ஒருமுறை முழுதாகப் படித்துவிடுங்கள். கால் இருக்க வேண்டிய இடத்தில் 'ர', 'ஔ' இருக்க வேண்டிய இடத்தில் 'ஒள', கொம்பும் காலும் தனித்தனியாகப் பிரிந்து நிற்பது ஆகிய பிழைகள் அடிக்கடி வரும்.

12 புள்ளி எழுத்து, ஒன்றரை வரி இடைவெளி, ஏ4 தாள். கோப்புக்கு 'கட்டுரை', 'இறுதி', 'இறுதி புதியது' என்று பெயர் வைக்காமல் உங்கள் பெயர், பொருள், தேதி மூன்றையும் சேர்த்து வையுங்கள். வேர்டு கோப்பை அனுப்புங்கள், பி.டி.எஃப். மட்டும் அனுப்பினால் திருத்த முடியாது.

படம் அச்சுக்கு அங்குலத்துக்கு 300 புள்ளி வேண்டும். பக்கத்தில் 6 அங்குல அகலத்தில் வர 1,800 பிக்சல் அகலம் தேவை. வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் சுருங்கிவிடும். மின்னஞ்சலில் தனி இணைப்பாக அனுப்புங்கள், வேர்டு கோப்புக்குள் ஒட்டாதீர்கள். வரிசையாக நின்று கேமராவைப் பார்க்கும் குழுப்படத்தைவிட, கையொப்பமிட்ட கூட்டப் பக்கத்தின் படம் (பெயர்களை மறைத்து) கட்டுரைக்கு வலுச் சேர்க்கும்.

ஆய்விதழ் என்றால் இன்னொரு வேலை. மதிப்பீட்டாளருக்கு எழுதியவர் யாரென்று தெரியக் கூடாது என்று கேட்டிருந்தால், கோப்புக்குள்ளிருந்து பள்ளிப் பெயரை எடுத்தால் மட்டும் போதாது. கோப்பின் பண்புகளில் பதிவாகியிருக்கும் பெயரையும் நீக்க வேண்டும்.

அனுப்பிய பிறகு

பெற்றுக்கொண்டோம் என்று பதில் வந்தால் அந்தத் தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள். ஆறு வாரம் கழித்து ஒரே ஒருமுறை பணிவாகக் கேட்கலாம். பதில் வராவிட்டால், கட்டுரையைத் திரும்பப் பெறுகிறேன் என்று எழுதிவிட்டுத்தான் அடுத்த இதழுக்கு அனுப்ப வேண்டும். இரண்டு இதழில் ஒரே மாதம் வந்துவிட்டால் இரண்டு கதவும் மூடிக்கொள்ளும்.

திருத்தம் கேட்டால் மனம் தளர வேண்டாம்; வேண்டாத கட்டுரைக்கு யாரும் திருத்தம் கேட்பதில்லை. ஒவ்வொரு குறிப்புக்கும் கீழே என்ன செய்தீர்கள் என்று ஒரு வரி எழுதி அனுப்புங்கள். ஏற்காத இடத்தில் காரணத்தைச் சொல்லுங்கள்.

பதிப்புரிமைப் படிவம் வந்தால் படித்துவிட்டுக் கையெழுத்திடுங்கள். 1957 பதிப்புரிமைச் சட்டப்படி உரிமையை மாற்றித் தருவது எழுத்தில் இருக்க வேண்டும். காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டு என்று கொள்ளப்படும். பின்னாளில் நூலாகத் தொகுக்க நினைத்தால், அந்த உரிமை உங்களுக்கு வேண்டும் என்று அப்போதே எழுதிக் கேளுங்கள்.

இதழ் அச்சாகி வந்ததும் இரண்டு படிகள் எடுங்கள். ஒன்று பள்ளிக் கோப்புக்கு, மற்றொன்று சுற்றுவட்டாரப் பள்ளி ஆசிரியர்கள் கூடும் குறுவள மையக் கூட்டத்துக்கு. அடுத்த பெற்றோர் கூட்டத்தில் அந்தக் கட்டுரையை வாய்விட்டு வாசித்துக் காட்டுங்கள். கடலுக்குப் போகிறவர்களைப் பற்றி எழுதியதில் பிழை இருந்தால் அவர்கள் அங்கேயே சொல்லிவிடுவார்கள். அன்று மாலையே திருத்தத்தை எழுதி இதழுக்கு அனுப்பிவிடுங்கள்.